ஓலனுக்கு உப்புப் போட்டவர்கள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஜன்னல் வழியாகக் கிடைத்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பிறகு நிறையப் பொய் சொல்லப்போகிறேன்.

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் ஒரு வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். கீழே வீட்டுக்காரர் நாகேஸ்வரன், அரசாங்க ஆபீஸ் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அவர் மனைவி அனந்தலக்ஷ்மி. வருஷத்தில் ஒரு ஞாயிறு, கோயில் உற்சவத்தின் பங்குனி ஆறாட்டு முடிந்த கையோடு, அவர்கள் குடும்பம் முழுக்க அங்கே கூடிச் சாப்பிடும். இந்தத் தடவை பத்தொன்பது பேர். நான் இருபதாவது. சும்மா சாப்பிட்டுவிட்டுப் போவது அழகல்ல என்று, பின் வராந்தாவில் உட்கார்ந்து அச்சிங்காய்ப் பயறு என்கிற நீளக் காராமணியை நறுக்கிக் கொடுத்தேன். அந்த இடத்திலிருந்து சமையலறை ஜன்னல் நேராகத் தெரியும்.

அடுப்பில் பெரிய உருளியில் ஓலன் கொதித்துக்கொண்டிருந்தது. ஒருவர் வந்தார், வாசல் பக்கம் பார்த்தார், உப்புப் போட்டார், போனார். ஐந்து நிமிஷம் கழித்து இன்னொருவர் வந்தார், வாசல் பக்கம் பார்த்தார், உப்புப் போட்டார்.

நான் கண்ணால் பார்த்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் கைச்சமையல்.

2

முதல் ஆரம்பம்: "ஓலனைப் போல எளிமையான பதார்த்தம் இந்த உலகத்தில்—"

வேண்டாம். சமையல் குறிப்பு வாடை அடிக்கிறது. ஆனாலும் ஓலன் சாப்பிட்டிராதவர்களுக்குச் சொல்லத்தானே வேண்டும்? வன்பயறு என்கிற சிவப்புக் காராமணி, தடியங்காய் என்று இந்த ஊரில் சொல்லும் வெள்ளைப் பூசணி, நாலு பச்சைமிளகாய், தேங்காய்ப்பால், உப்பு. கடைசியில் பச்சைத் தேங்காயெண்ணெயும் கறிவேப்பிலையும். அவ்வளவுதான். எரிசேரியில் தப்பு நடந்தால் வறுத்த தேங்காய்க்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். ஓலனில் ஒளிய இடமே கிடையாது. உப்பு சரியாக இருந்தால் அமிர்தம், இல்லாவிட்டால் ஊரே பார்க்கும்.

இரண்டாம் ஆரம்பம்: "அந்தக் குடும்பத்தில் ஒரு ரகசியம் இருந்தது." எந்தக் குடும்பத்தில்தான் இல்லை? அடித்தாயிற்று.

மூன்றாவது: "அனந்தலக்ஷ்மிக்கு வாசனை தெரியாமல் போய் ஒன்பது மாதம் ஆகியிருந்தது."

இது இருக்கட்டும். இதை வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

3

அனந்தலக்ஷ்மிக்கு வாசனை தெரியாமல் போய் ஒன்பது மாதம் ஆகியிருந்தது. ஜூன் மழையோடு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, போகும்போது மூக்கையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. மல்லிகைக்கும் மண்ணெண்ணெய்க்கும் வித்தியாசமில்லை. அவள் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடம் போகலாம்தான், ஆனால் தனியாகப் போக விடமாட்டார்கள், கூடவே நாகேஸ்வரன் வருவார். அதனால் அதுவும் இல்லை.

(நேரில் அவரை மாமி என்றுதான் கூப்பிடுகிறேன். கதைக்குள் 'அவள்'. மாமி என்றே எழுதினால் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றுவிடுவேன், அவர் மனசுக்குள் நுழைய எனக்குத் தைரியம் வராது.)

மூக்கு போனால் என்ன, நாக்குதான் இருக்கிறதே என்று நீங்கள் சொல்லலாம். அங்கேதான் சிக்கல். அந்த வீட்டில் சமைக்கிறவர் ருசி பார்க்கக் கூடாது. சுவாமிக்கு நைவேத்யம் ஆன பிறகுதான் யார் நாக்கிலும் படலாம். அதற்கு முன்னால் ஒரு சொட்டு வாயில் வைத்தாலும் அது எச்சில். பிறகு உப்பு எப்படித் தெரியும் என்று ஒருமுறை அவரிடமே கேட்டிருக்கிறேன்.

"ஆவி முகத்திலே பட்டாப் போறாதா? உப்புப் போட்டாச்சுன்னா வாசனை மாறிடுமே. அதுக்கு எதுக்கு நாக்கு?" என்று சிரித்தார்.

அப்படிப்பட்டவளுக்கு ஆவி வெறும் சுடுநீராகிப் போனது. இரண்டு பேருக்குச் சமைக்கும் தினப்படிச் சமையலைக் கைப்பழக்கத்தில் ஓட்டிவிட்டாள். காய்ச்சல் விட்ட புதிதில் ஒரே ஒரு நாள்தான் மாட்டிக்கொள்ளப் பார்த்தாள். பால் பொங்கி, அடிப்பிடித்து, பாத்திரம் கரியாகிக்கொண்டிருந்தது. அவளோ அடுத்த அறையில் நிம்மதியாகத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தெருவிலிருந்து வந்த நாகேஸ்வரன் ஓடிப்போய் அடுப்பை அணைத்தார்.

"அனந்தம்! தீய்ஞ்ச நாத்தம் தெருக்கோடி வரைக்கும் அடிக்கறதே, உனக்குத் தெரியலையா?"

"போன்ல பேசிண்டிருந்தேன்னா. கவனிக்கலை."

அவர் கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். போன் கூடத்தில் சார்ஜில் கிடந்தது.

இப்போது சுமந்த். நாகேஸ்வரனின் தம்பி, கழக்கூட்டத்தில் ஐ.டி. வேலை, நல்ல மனிதர். அதுதான் தொந்தரவு. நல்ல மனிதர்களுக்கு நல்ல யோசனைகள் வந்துகொண்டே இருக்கும்.

"மன்னி, எதுக்கு இத்தனை கஷ்டம்? கேட்டரிங்காரன்கிட்ட சொன்னா பாக்ஸ் பாக்ஸா கொண்டு வெச்சுட்டுப் போயிடுவான். நம்ம எல்லாரும் ஃப்ரீயா இருக்கலாம், அல்லே?"

ஃப்ரீயாக இருந்து என்ன செய்வது என்று அனந்தலக்ஷ்மிக்குப் புரியவில்லை. அந்தக் குடும்பத்தில் ஆளுக்கொரு வேலை, ஆளுக்கொரு பட்டம். அவளுக்கென்று இருப்பது இந்த ஒரு நாள். முப்பத்துநாலு வருஷமாக அந்த ஞாயிறு அவளுடையது. மூக்கு போன விஷயம் தெரிந்தால் யாரும் திட்டமாட்டார்கள். பரிவாகப் பேசுவார்கள், நாற்காலி போட்டு உட்காரவைப்பார்கள், அடுத்த வருஷம் பாக்ஸ் வரும். அவள் பயந்தது அந்த நாற்காலிக்குத்தான்.

4

நாகேஸ்வரன் விஷயத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. மாடியில் குழாயைக் கொஞ்சம் தாராளமாகத் திறந்தால் கீழேயிருந்து சத்தம் போடுவார். அந்தக் கடுப்பில் முதல் பிரதியில் அவரை முன்கோபியாக, மனைவி முகத்தைப் பார்க்காத மனுஷனாக எழுதினேன். ஆனால் ஜன்னல் வழியே பார்த்த அந்தக் கை அப்படிப்பட்டவருடையது இல்லை. அது பழகிய கை. உப்பு வைத்திருக்கும் மரவை, அந்த மரக்கிண்ணம், எங்கே இருக்கிறது என்று அது தேடவில்லை.

ஆகவே மாற்றி எழுதுகிறேன். பால் தீய்ந்த மறுநாளிலிருந்து அவர் ஒரு நாற்காலியைச் சமையலறைக்குள் போட்டுக்கொண்டு பேப்பர் படிக்க ஆரம்பித்தார்.

"கூடத்திலே ஃபேன் இருக்கே, அங்க உக்காந்து படிக்கப்படாதா?"

"இங்கேதான் காத்து வரதாக்கும்."

அந்தச் சமையலறைக்குக் காற்று வருகிறதென்று இதுவரை ஒருவரும் புகார் கொடுத்ததில்லை. ரிட்டயர் ஆன மனுஷன், போக்கிடம் இல்லாமல் காலைச் சுற்றுகிறார் என்று அனந்தலக்ஷ்மி நினைத்துக்கொண்டாள். அவள் தேங்காய் எடுக்க, கறிவேப்பிலை பறிக்க என்று நகரும் நேரம் பார்த்து அவர் எழுந்து, கரண்டியால் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். குறைந்தால் ஒரு சிட்டிகை போடுவார்.*

* கூடிப்போயிருந்தால்? சாப்பிடும்போது மோரை நிறைய விட்டுக்கொண்டு, "இன்னிக்கு என்னமா உஷ்ணம்!" என்பார்.

ஒரு வேளைகூடச் சந்தியாவந்தனம் தவறாதவர், ஒன்பது மாதமாகச் சுவாமிக்குப் படைப்பதற்கு முன்பே தான் ருசி பார்த்திருக்கிறார். இதை எழுதி முடித்ததும் எனக்கு அவர்மேலிருந்த கோபம் போய்விட்டது. [குழாய் விஷயத்தில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.]

5

அந்த ஞாயிறு. இரண்டு பேருக்குப் பழகிய கைக்கு இருபது பேரின் உப்பு தெரியாது. அதனால் அனந்தலக்ஷ்மி ஒரு வாரமாகத் தினமும் போடும் உப்பைத் தனியாக எடுத்துப் பார்த்து, ஆள் கணக்குப் போட்டு, சின்னக் கிண்ணத்தில் முக்கால் என்று தீர்மானித்திருந்தாள். ஆயுளில் முதல்முறையாக அளந்து போடப்போகிறாள். அளப்பதை யாரும் பார்த்துவிடக் கூடாது. அனந்தலக்ஷ்மி உப்பை அளக்கிறாள் என்றால் விஷயம் வெளியே வந்த மாதிரிதான்.

எப்போதும் பயறு வெந்து தடியங்காய் விழுந்ததுமே உப்பும் விழும். அன்று அந்த நேரம் பார்த்து சுமந்த் மொபைலைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"மன்னி, ஓலன் ஸ்பெஷலிஸ்ட், இங்க பாருங்கோ, ஒரு ஹாய்!"

கூடவே அவர் பெண் ஜானவி, காலேஜில் படிக்கிறவள். கிண்ணம் புடவைத் தலைப்புக்குள்ளேயே இருந்தது. சரி, பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று அனந்தலக்ஷ்மி ஜானவியைக் கூட்டிக்கொண்டு தேங்காய்ப்பால் பிழிய அடுத்த அறைக்குப் போனாள். சுமந்த் வாசலுக்குப் போனார். சமையலறை காலியானது.

நாகேஸ்வரன் வந்தார். ஒரு சொட்டு, உள்ளங்கை, நாக்கு. திடுக்கிட்டுப் போனார். மற்ற நாளெல்லாம் கொஞ்சம் குறையும், கொஞ்சம் கூடும். இன்றைக்கு ஒரு கல் உப்புக்கூட இல்லை. மறந்தே போய்விட்டாள்! இருபது இலைக்கு! மரவையில் கைவிட்டு அள்ளிப் போட்டார், கிளறினார், போனார்.

அனந்தலக்ஷ்மி பாலோடு வந்தாள். அப்பாடா, யாரும் இல்லை. கிண்ணத்தை எடுத்துக் கவிழ்த்தாள். கொதி அடங்கியதும் பாலை விட்டு, அடுப்பை அணைத்து, எண்ணெயும் கறிவேப்பிலையும் போட்டு மூடினாள். அதற்குப் பிறகு வந்த ஜானவி மூடியைத் திறந்து மூச்சை இழுத்தாள்.

"பெரியம்மா, மணம் அடிபொளி, கேட்டோ!"

"ஆமா, இல்லே?" என்றாள் அனந்தலக்ஷ்மி.

6

இரண்டு கைகளையும் பார்த்தவன் நான் ஒருவன். அந்த ஓலனில் இரண்டு பங்கு உப்பு இருக்கிறது என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரியும். ஏன் சொல்லவில்லை?

குடித்தனக்காரன் வீட்டு விஷயத்தில் தலையிடலாமா என்று— [இது சால்ஜாப்பு.] ஒருவரிடம் சொன்னால் இன்னொருவரைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும் என்று— [இது கொஞ்சம் பரவாயில்லை, ஆனாலும் சால்ஜாப்பு.] உண்மையைச் சொன்னால், கையில் பயறோடு உட்கார்ந்திருந்த எனக்கு அந்த நிமிஷத்தில் "ஆஹா, கதை!" என்று தோன்றிவிட்டது. என்னதான் நடக்கிறது பார்க்கலாமே என்று வாயை மூடிக்கொண்டேன். ஒரு மனுஷியின் முப்பத்துநாலு வருஷ ஞாயிறு போவதா இருப்பதா என்று நிற்கும்போது எனக்குக் கதை கேட்டிருக்கிறது. வெட்கமாகத்தான் இருக்கிறது. இதை எழுதுவதில் பாதி அந்த வெட்கம்.

7

பரிசீலித்துக் கைவிட்ட முடிவுகள்:

சுமந்த் முதல் கவளத்திலேயே முகம் சுளித்து, "மன்னி!" என்று கத்துகிறார். அடுத்த வருஷம் பாக்ஸ். இது சுலபம், ஆனால் அவளுக்கு இதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

பத்தொன்பது பேரும் அன்பினால் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு, சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கிறார்கள். அந்தக் குடும்பத்தை உங்களுக்குத் தெரியாது. அப்பளம் நமுத்துப் போனதையே அரைமணி நேரம் பேசுகிறவர்கள்.

மாடிக்காரன் கால் தடுக்கியதுபோல நடித்து உருளியைத் தட்டிவிடுகிறான். எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. ஆனால் அந்த உருளியை அசைக்கவே இரண்டு ஆள் வேண்டும்.

8

ஆகவே நடந்ததற்கே போகிறேன். நைவேத்யம் ஆயிற்று. சுவாமி ஒன்றும் சொல்லவில்லை, அவர் எப்போதும் சொல்வதில்லை. இனி நாக்குக்குத் தடை கிடையாது. கூடத்தில் இலை போட்டு எல்லோரும் உட்காரத் தொடங்கியிருந்தார்கள். அனந்தலக்ஷ்மி சமையலறையில் தனியாக நின்று உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டாள்.

உப்பு. மூக்குக்குத் தெரியாததை நாக்கு கூசிக் கூசிச் சொன்னது. முக்கால் கிண்ணம் அளந்து போட்டது இது இல்லை. வேறு யாரோ போட்டிருக்கிறார்கள்.

யார் என்று நினைத்தபோதே கண் அந்த நாற்காலிமேல் போனது. மடித்து வைத்த பேப்பர். வராத காற்று. வழிய வழிய விட்டுக்கொண்ட மோர். சார்ஜில் கிடந்த போன். ஒன்பது மாதமும் வரிசையாக வந்து முன்னால் நின்றன. முதலில் வந்தது கோபம்தான்: அத்தனை நாளும் சுவாமிக்கு எச்சிலையா வைத்தேன்! அது தீர்வதற்குள் கண் நிறைந்துவிட்டது. தான் தனியாகத் தூக்கிக்கொண்டிருந்ததாக நினைத்ததை இன்னொருவர் மறுபக்கம் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார், ஒரு வார்த்தை பேசாமல்.

[இந்தப் பத்தி நான் கற்பனை செய்தது. அடுத்தது என் காதால் கேட்டது.]

சமையலறைக் கதவை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு, கூடம் முழுக்கக் கேட்கும்படி அவள் கூப்பிட்டாள்.

"ஏன்னா, கொஞ்சம் இங்க வாங்கோ. ஓலனுக்கு உப்புப் பாருங்கோ."

"மன்னியா உப்புப் பாக்கச் சொல்றா?" என்றார் சுமந்த். முப்பத்துநாலு வருஷத்தில் அவள் யாரிடமும் அதைக் கேட்டதில்லை.

நாகேஸ்வரன் எழுந்து வந்தார். அவளாகவே கரண்டியால் ஒரு சொட்டு எடுத்து அவர் உள்ளங்கையில் விட்டாள். ஓலனைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். வெட்டாத பாதித் தடியங்காய் இருக்கிறது, ஒரு சொம்பு தேங்காய்ப்பால் மிச்சமிருக்கிறது, பத்து நிமிஷத்தில் சரிசெய்துவிடலாம். அவர் என்ன சொல்லப்போகிறார் என்பதுதான் இப்போது விஷயம்.

"சரியா இருக்கு" என்று சொல்லலாம். அவள் பயந்த நாற்காலி தள்ளிப்போகும், அவள் மறுபடி தனியாவாள். "கூடிடுத்து" என்று சொல்லலாம், ஆனால் சமையலறை வாசலில் சுமந்த் வந்து நிற்கிறார், காதை நீட்டிக்கொண்டு. "ரெண்டு பேருமா போட்டுட்டோம் போலருக்கே" என்று சொல்லலாம். இதை எழுதியதும் எனக்கே சிரிப்பு வந்தது. எனக்கு இவ்வளவு பிடித்துப்போனதாலேயே இதன்மேல் சந்தேகமாக இருக்கிறது.

அவர் சொன்னதை நான் கேட்டேன். ஆனால் இங்கே எழுதமாட்டேன். என் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு உங்களுக்குப் பரிமாறினால் அது எச்சில். ஒரு தடவை அந்த வீட்டில் வாயை மூடிக்கொண்டிருந்து தப்புச் செய்தேன். இந்தத் தடவை, பேச வேண்டியவர்கள் நீங்கள்.

இலை போட்டாயிற்று. நாகேஸ்வரன் உள்ளங்கையை நாக்கில் வைத்துவிட்டார். அனந்தலக்ஷ்மி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவருக்கு ஒரு வார்த்தை கொடுங்கள்.