தேதி பார்க்காத வக்கீல்

நாற்பத்தோராயிரத்து அறுநூறு. சிமெண்ட் கிடங்கில் கடைசி நான்கு மாதம் மூட்டை தூக்கியதற்குக் கான்ட்ராக்டர் எனக்குத் தர வேண்டிய கூலி அது. கேட்டபோதெல்லாம் நாளைக்கு என்றார். நான்கு மாதம் முடிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "உனக்கு ஒரு பைசா பாக்கி இல்ல. முடிஞ்சா கோர்ட்ல பாத்துக்க" என்றார்.

போனேன். வாடகை மூன்று மாதம் நின்றுபோயிருந்தது. போகாமல் என்ன செய்வது?

வக்கீலைப் பிடித்துக் கொடுத்தவர் என் மனைவியின் அண்ணன். வேன் ஓட்டுகிறவர். "வக்கீல்னா மொதல்ல தொண்டை வேணும் மாப்ள. இவர் பேசினா ஜன்னல் கண்ணாடி அதிரும். ரெண்டாவது கோட்டு. மூணாவது, ஜட்ஜைப் பாத்துச் சிரிக்கிற பழக்கம். மூணும் இவர்கிட்ட இருக்கு" என்றார். மனைவியும் வந்து பார்த்துவிட்டு, "பாத்தாலே வயித்தக் கலக்குது. அப்ப நல்ல வக்கீல்தான்" என்றாள்.

ஃபீஸ் பத்தாயிரம் என்றார் வக்கீல். கடன் வாங்கி ஏழு கொடுத்தேன். மூன்று பாக்கி. இரண்டு போன் அழைப்புகளுக்கு நடுவே என் கதையைக் கேட்டார். கேட்டாரோ என்னவோ, தலையை ஆட்டினார்.

கான்ட்ராக்டர் பதிலுக்கு ஒரு தாளைக் கோர்ட்டில் கொடுத்தார். 'இதுநாள்வரை செய்த வேலைக்குக் கூலி முழுவதும் பெற்றுக்கொண்டேன், பாக்கி இல்லை' என்று அதில் எழுதியிருப்பதாக வக்கீல் சொன்னார். கீழே என் கையெழுத்து.

அது நான் போட்டதுதான். நாற்பத்தாறு வயதில் சங்க அறையில் நடந்த மாலை வகுப்புக்குப் போனேன். முதலில் கற்றது என் பெயர். அந்த மாதக் கூலி நாளில் எல்லாரும் வரிசையாகக் கட்டைவிரலில் மை தடவினார்கள். நான் மைப்பெட்டியைத் தள்ளிவிட்டுப் பேனா கேட்டேன். கான்ட்ராக்டர் கை தட்டினார். "அடேங்கப்பா! துரை கையெழுத்துப் போடுறாரு! இந்தா, இந்தத் தாள்லயும் ஒண்ணு போடு, கண்ணு குளிர பாக்கறேன்." போட்டேன். மேலே இருந்த நான்கு வரியைப் படிக்க அப்போது எனக்குத் தெரியாது; அது எந்த மாதம் என்பதும் பிறகு நினைவில் இல்லை. மடத்தனம் என்னுடையது. மறைக்கவில்லை.

"கையெழுத்து என்னுது இல்லன்னு சொல்லிடு" என்றார் வக்கீல்.

"என்னுதுதானே சார்."

"நெசத்தச் சொல்லி ஜெயிக்கிறதுக்கு நான் எதுக்குய்யா?"

வாழ்க்கையில் நான் ஆசைப்பட்டுப் போட்ட ஒரே கையெழுத்து. அதை இல்லை என்று சொல்ல வேண்டுமாம்.

இரண்டு வருடம். பதினோரு வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் எனக்கு ஒரு நாள் கூலி போகும். வக்கீல் வருவார், குனிவார், சிரிப்பார், அடுத்த தேதி வாங்குவார். "தேதி வாங்கறதுக்கா கோட்டு?" என்பாள் மனைவி. அந்த இரண்டு வருடத்தில் நான் படிப்பில் பஸ் போர்டிலிருந்து செய்தித்தாளுக்கு வந்துவிட்டேன்.

பன்னிரண்டாவது தடவை வக்கீல் வரத் தாமதம். அவருடைய குமாஸ்தா வழக்குத் தாள் கட்டை என் கையில் கொடுத்து, "பிடிச்சுக்குங்கண்ணே, டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று போனார். கயிற்றை அவிழ்த்தேன். அந்தத் தாளில் குத்தியிருந்த குண்டூசி துருப்பிடித்து ஒட்டியிருந்தது. இரண்டு வருடமாக யாரும் அதைப் புரட்டவில்லை.

விரல் வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தேன். கடைசி வரியில் தேதி. மார்ச் ஐந்து. என் பாக்கி தொடங்குவது ஏப்ரலிலிருந்து. மார்ச்வரை கூலி வந்ததும் நிஜம். அப்படியென்றால் அந்தத் தாளில் பொய்யே இல்லை. என் வழக்குக்கும் அதற்கும் சம்பந்தமும் இல்லை!

எனக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. மூட்டையைத் தோளில் ஏற்றும் முன் அடி கிழிந்திருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறோம். எங்களுக்கு யாரும் கோட்டு மாட்டிவிடவில்லை.

வக்கீல் வேர்வையோடு வந்தார். "சார், தேதியப் பாருங்க" என்றேன்.

"நீ எனக்குச் சட்டம் சொல்லித் தர்றியா? ஓரமா நில்லு."

உள்ளே போய் முழங்கினார். போலிக் கையெழுத்து, ஏழைத் தொழிலாளி, கண்ணீர், ரத்தம். நீதிபதி அம்மா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் முன்னால் போனேன்.

"அம்மா, கையெழுத்து என்னுதுதாங்க."

வக்கீல் திரும்பிப் பார்த்த பார்வையில் நான் எரிந்திருக்க வேண்டும். "வாய மூடு" என்று பல்லைக் கடித்தார்.

"பேச விடுங்க" என்றார் நீதிபதி. "என்ன சொல்றீங்க?"

"தேதியப் படிங்கம்மா. நான் கேக்கறது அதுக்கப்புறம் செஞ்ச நாலு மாச வேலைக்கு."

அவர் படித்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கான்ட்ராக்டர் கொடுத்திருந்த ஆஜர் புத்தகத்தைப் புரட்டினார். நான்கு மாதமும் நான் வேலைக்கு வந்ததற்கு அடையாளம் இருந்தது. "இந்த நாலு மாசத்துக்குக் கூலி குடுத்த ரசீது எங்க?" கான்ட்ராக்டர் தன் வக்கீலைப் பார்த்தார். அந்த வக்கீல் மேற்கூரையைப் பார்த்தார். பதினைந்து நாளில் முழுப் பணமும் கட்ட உத்தரவானது.

பதினான்காம் நாள் கோர்ட் அலுவலகத்தில் நாற்பத்தோராயிரத்து அறுநூறையும் எண்ணி வாங்கினேன். வராந்தாவில் வக்கீல் என் தோளைத் தட்டினார். "பாத்தியா, ஜெயிச்சுட்டோம்! அந்த மூவாயிரம்?"

"சார், அந்தத் தாள ரெண்டு வருஷமா யாரு படிக்கணும்?"

"அது வந்து..."

"படிச்சது நான். படிச்ச கூலி மூவாயிரம். பதினோரு நாள் வேல போனத நான் கேக்கல."

குமாஸ்தா இருமுவது போலத் திரும்பிக்கொண்டார். போவோர் வருவோர் நின்று பார்க்கத் தொடங்கினார்கள். வக்கீல் கோட்டு நுனியை இழுத்துவிட்டுக்கொண்டு, "அடிச்சுடு அந்தக் கணக்க" என்று முனகினார்.

குமாஸ்தா நோட்டைப் பிரித்து என் பெயருக்கு நேரே கோடு கிழித்தார். கிழித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.