உறவு என்ற கட்டம்

தங்கும் வீட்டுக்காரருக்கும் எனக்கும் உள்ள உறவு என்ற கட்டத்தில் நான் மாமா என்று எழுதியிருந்தேன். அம்மாவோடு பிறந்தவரா, அப்பாவோடு பிறந்தவரா என்று பதிவு அலுவலகத்துப் பெண் கேட்டாள். இரண்டும் இல்லை என்றேன். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

அப்பாவோடு வேலை பார்த்தவரின் சம்பந்தி அவர். நமக்கு வயதில் மூத்த ஆண் யாராக இருந்தாலும் மாமாதான். பஸ் கண்டக்டரிடமே "மாமா, ஒரு டிக்கெட்" என்று கேட்டு வளர்ந்தவள் நான். பழக்கதோஷத்தில் அரசாங்கப் படிவத்திலும் எழுதித் தொலைத்துவிட்டேன். சொந்தம் என்றால் அதற்குச் சான்று வேண்டும், வாடகை என்றால் ஒப்பந்தம் வேண்டும், வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் இரண்டில் ஒன்று வராவிட்டால் என் பயிற்சி அனுமதி ரத்து என்றாள் அந்தப் பெண். அன்று புதன்கிழமை.

இந்த வெளிநாட்டுக்கு நான் பயிற்சிக்கு வந்திருந்தது பூட்டு தயாரிக்கும் ஒரு கம்பெனியின் சோதனைக்கூடத்துக்கு. அங்கே ஒரு இயந்திரம் ஒரே பூட்டை லட்சம் தடவை திறந்து மூடும். எத்தனையாவது தடவையில் மக்கர் செய்கிறது என்று குறித்துவைப்பது என் வேலை. பகல் முழுக்கப் பூட்டுகளோடு கிடந்தாலும் தங்கியிருந்த வீட்டுக்கு என்னிடம் சாவி கிடையாது. "அத்தை எப்பவும் வீட்லதான இருக்கா, சாவி எதுக்கு?" என்று நான் வந்த அன்றே மாமா சொல்லிவிட்டார். துணி தேய்க்கும் அறையில் மடக்குக் கட்டில். முதல் வாரமே வாடகை தருகிறேன் என்றதற்கு முகம் சுருங்கிப்போனார். அதற்குப் பதிலாக அவர் சட்டைகளைத் தேய்த்தேன், ஆபீஸ் கடிதங்களைத் திருத்திக் கொடுத்தேன், வந்த விருந்தாளிகளுக்கெல்லாம் காபி நீட்டினேன். ஒவ்வொருவரிடமும், "காசு வாங்காமத்தான் வெச்சிருக்கோம்" என்று என்னைக் காட்டுவார். காபித் தட்டை அவர் தலையில் கவிழ்க்கலாமா என்று இருக்கும்.

அன்று சாயங்காலம் ஒப்பந்தம் கேட்டேன்.

"நமக்குள்ள எதுக்கும்மா எழுத்து? நீ எங்க பொண்ணு மாதிரி."

"மாதிரின்னா ஒத்துக்க மாட்டேங்கறாங்க மாமா. சான்று கேக்கறாங்க."

"எழுதிக் குடுத்தா வரி கிரின்னு வந்து நிப்பான். ரெண்டு மாசத்துக்கு இதெல்லாம் தேவையா? அந்தப் பொண்ணுகிட்டயே போய் இன்னொரு தடவ பக்குவமா பேசு."

அத்தை அடுப்பைப் பார்த்தபடி நின்றிருந்தார். கரண்டி மட்டும் கிண்டுவதை நிறுத்தியிருந்தது.

அம்மாவுக்குப் போன் செய்தேன். "கொஞ்சம் அனுசரிச்சுப் போடி. அவங்க மனசு நோகக் கூடாது" என்றாள்.

"சரி, அவங்க மனசு நோகாம ஊருக்கே திரும்பி வந்துடவா?"

அம்மா போனை வைத்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. இந்தப் பயிற்சிக்காக நான் எழுதிய தேர்வுகள் எனக்கல்லவா தெரியும்.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளை முழுவதும் வாடகை அறை தேடிப் போனும் கையுமாக இருந்தேன். ஒருவர் ஒரு வருடத்துக்குக் குறைந்து தரமாட்டாராம். இன்னொருவர் என் உச்சரிப்பைக் கேட்டதுமே அறை போய்விட்டது என்றார். கடைசியில் ரயில் பாதையோரம் ஒரு பெண்கள் விடுதி கிடைத்தது. ஒரு அறைக்கு ஆறு கட்டில். சாயங்காலம் நேரில் போனபோது வரவேற்பறைக்காரி கொட்டாவி விட்டபடியே என் பெயர், கட்டில் எண், வரும் தேதி, போகும் தேதி எல்லாம் அடித்து, முத்திரை குத்தி, சாவியையும் ஒப்பந்தத் தாளையும் தள்ளினாள். நான் எங்கிருந்து வருகிறேன், யார் வீட்டுப் பெண் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பெட்டியோடு கூடத்துக்கு வந்தேன்.

"உங்கப்பா முகத்துல நான் எப்படி முழிப்பேன்?" என்றார் மாமா.

"நீங்க சோறு போட்டத மறக்க மாட்டேன் மாமா. அப்பாகிட்டயும் அதத்தான் சொல்வேன். ஆனா இங்க நான் விருந்தாளியா வரல. வேலை கத்துக்க வந்தேன்."

"இப்ப போனா அப்புறம் இந்தப் படி ஏறக் கூடாது, சொல்லிட்டேன்."

"சரிங்க மாமா."

இவ்வளவு சுருக்கமாக நான் ஒத்துக்கொள்வேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார்.

அத்தை பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை இறங்கி வந்தார். தாளைக் காட்டச் சொன்னார். ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கி, மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"கட்டில் நம்பர்கூட போட்டிருக்கான்."

"ஆமா அத்தை. நாலு. கீழ் கட்டில்."

"பதினாலு வருஷம் ஆச்சு நான் இங்க வந்து. கரண்ட் பில்லுகூட அவர் பேர்லதான்." தாளை அதன் மடிப்பிலேயே மடித்துக் கொடுத்துவிட்டு ஏறிப் போனார்.

பதிவு அலுவலகத்தில் புதுப் படிவம் தந்தார்கள். உறவு என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன், கட்டம் நிறையும்படி பெரிதாகவே. அந்தப் பெண் முத்திரையை ஓங்கிக் குத்தினாள். மணி இரண்டே கால்.

அடுத்த ஞாயிறு மதியம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அத்தையின் போன் வந்தது. சாப்பிட்டாயா, குளிருக்குப் போர்வை போதுமா என்றெல்லாம் கேட்டார். பிறகு அந்தப் பக்கம் குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியிலிருந்து அத்தையின் குரல் தணிந்து வந்தது.

"உன் மேல் கட்டிலுக்கு ஆள் வந்தாச்சா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். விரிப்பில்லாத மெத்தை. அதன் தலைமாட்டு ஆணியில் அந்தக் கட்டிலுக்கான சாவி தொங்கிக்கொண்டிருந்தது.