படிகாரம் பூசிய முகம்

என் கணவர் முனிரத்தினம் பதினெட்டு வருடங்களாகச் சுரங்கத்தில் பாறை துளைக்கும் மெஷினைப் பிடித்தவர். வீட்டுக்கு வந்த பிறகும் கைகளில் அதன் நடுக்கம் நிற்காது. அதனால் அவருக்கு ஷேவ் செய்வது என் வேலையாயிற்று. நுரை, பிளேடு, கடைசியில் படிகாரக் கட்டி. நனைத்துத் தேய்த்தால் வெட்டுப்பட்ட இடத்தில் சுரீரென்று எரியும். ரத்தம் நிற்கும். தோல் இறுகிப் பளபளக்கும்.

அறுபத்தேழாம் வருடம் அவருக்கு மூச்சு குறைந்தது. ஸ்கெலட்டன் லைன் என்ற தொழிலாளர் குடியிருப்பில் எங்கள் வீட்டுக்கும் குழாயடிக்கும் நடுவே இரண்டு தடவை நின்று போனார். சுரங்கத்துக்குள் இறங்காமல் மேலே மரக்கிடங்கில் வேலை கேட்டு எழுதிக் கொடுத்திருந்தார். சனிக்கிழமை ஆபீசர் நேரில் பார்த்து முடிவு சொல்வார்.

பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மா முந்தின நாளே வந்து எச்சரித்தாள்.

"பத்து நாளு தாடி, அப்படியே அனுப்பு வள்ளி. கண்ணாலம் கட்டிக்கவா போறாரு? பாத்ததும் ஐயோன்னு இருக்கணும் ஆபீசருக்கு."

சரி என்றுதான் சொன்னேன். ஆனால் காலையில் வெந்நீர் வைத்துவிட்டேன். வேண்டாம் என்றார் அவரும். பெரிய மனிதர் முன்னால் பரதேசி போலவா நிற்பது என்று அதட்டினேன். முகத்தை நிமிர்த்திக் கொடுத்தார். வழக்கமாக ஒரு தடவை தேய்க்கும் படிகாரத்தை அன்று இரண்டு தடவை தேய்த்தேன். ஒட்டிய கன்னத்தில் கொஞ்சம் சிவப்பு ஏறியது.

மரியாதைக்காக என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்தத் தாடிக்குள் சாகப்போகிறவர் போல் ஒருவர் தெரிந்தார். அவரைப் பார்க்க எனக்குத்தான் பயமாக இருந்தது.

மத்தியானம் திரும்பி வந்து, வேலை கிடைத்துவிட்டது, திங்கட்கிழமையிலிருந்து கிடங்கு என்றார். பாயசம் வைத்தேன். கிருஷ்ணம்மாவுக்கும் ஒரு டம்ளர் கொண்டுபோய்க் கொடுத்தேன், தாடி இல்லாமலே கிடைத்ததைச் சொல்லிக் காட்டத்தான்.

மூன்று வாரம் கழித்து ஒரு சாயங்காலம் பர்னபாஸ் வந்தார். என் கணவரோடு பல வருடம் மெஷின் பிடித்தவர். கணவர் மண்ணெண்ணெய் வாங்கப் போயிருந்தார்.

"அண்ணன் டிபன் டப்பாவ கீழ லெவல்லயே வெச்சிட்டு வந்துட்டாரு, அண்ணி."

"கீழயா? எந்த லெவல்ல?"

நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் விடவில்லை. அப்புறம் தரையைப் பார்த்தபடி சொன்னார். ஆபீசர் காகிதத்தைப் படிக்கக்கூட இல்லையாம். "மூஞ்சி மாப்பிள்ள மாதிரி இருக்கு, உனக்கு இன்னா நோவு" என்று சிரித்து அனுப்பிவிட்டாராம். திங்கட்கிழமையே இவர் கேஜ் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்கிவிட்டார். எனக்குத் தெரியக் கூடாது என்று எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

பர்னபாஸ் போனதும் டப்பாவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். கொஞ்ச நேரத்தில் அவர் வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு திரும்பும் வரை நின்றார். தினமும் அப்படித்தான் நின்றிருக்கிறார். வெயிலில் நடந்த களைப்பு என்று நினைத்திருந்தேன்.

கேட்டுவிடலாம். கேட்டால், நான் செய்ததை என்னிடமே அவர் சொல்ல வேண்டிவரும். அந்த ஒன்றைத் தவிர்க்கத்தான் கிடங்கு என்று பொய் சொல்லிவிட்டுத் தினமும் அந்தத் தூசிக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்.

"கிடங்குல இன்னிக்கி வெயில் ஜாஸ்தியா?" என்றேன்.

பெஞ்சில் உட்கார்ந்து, பேச மூச்சு சேரும் வரை காத்திருந்தார்.

"வெயிலுதான் வள்ளி. ஆனா காத்து நல்லா வருது."