ஓங்கிய கை

மூன்றாவது அடி பாதி தூரம்கூட இறங்கவில்லை, அதற்குள் அது பாய்ந்துவிட்டதே. எனக்கு மட்டும் இத்தனை வருஷமாய்க் கால் ஏன் எழவில்லை?

சீதாலெட்சுமி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கணவன் தனேஷின் கையில் துண்டைச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டுக்கு மேலே சதை கிழிந்து தொங்கியது. சுற்றச் சுற்றத் துண்டு சிவந்துகொண்டே வந்தது. தரையில் தெறித்திருந்த ரத்தத்தின் மேல் மகளின் மலாய்ப் பாடப்புத்தகம் குப்புறக் கிடந்தது.

"கிளினிக் போயிடலாங்க. தையல் போடணும்."

"கிளினிக் அப்புறம். மொதல்ல இந்தச் சனியன அடிச்சுக் கொல்றேன்."

சனியன் மூலையில் நின்றது. வீட்டு நாய், கோப்பி என்று பெயர். கறுப்பும் பழுப்புமாய், இடுப்பு உயரம். அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அனுப்பிரியா உட்கார்ந்திருந்தாள். எட்டு வயது. தொடையில் ஒன்று, முதுகில் ஒன்று, ரோத்தான் பிரம்பு பட்ட இடம் விரல் பருமனுக்குத் தடித்திருந்தது. அவள் செய்த குற்றம் திக்கியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தனேஷ் அவளை உட்கார வைத்து வாசிக்கச் சொன்னான். அப்பா எதிரில் இருந்தால் முதல் எழுத்திலேயே அவள் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மூன்று தடவை ஒட்டிக்கொண்டது. அவன் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த பிரம்பை எடுத்தான்.

கோப்பியிடம் அவள் திக்குவதில்லை. கேரி தீவிலிருந்து அட்டைப் பெட்டியில் குட்டியாக வந்த வாரமே, பின்கட்டில் அதன் வயிற்றில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டு பாட்டுப் போல வாசிக்க ஆரம்பித்தாள். படுக்கையை நனைப்பது நின்றது. ஒரு வாய்ச் சோற்றுக்குக் கெஞ்ச வேண்டியிருந்த பிள்ளை, நாய்க்குக் காட்டிக் காட்டித் தட்டைக் காலி செய்தாள். வகுப்பாசிரியை கூப்பிட்டு, "என்ன மருந்து கொடுத்தீங்க?" என்று கேட்டார். சீதாலெட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்தபின் அழுகையும் வந்தது.

பாயக் கற்றுக்கொடுத்தது தனேஷ்தான். போன வருஷம் வாசலில் வைத்து மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவன் அனுப்பிரியாவைத் தள்ளிவிட்டு, அவள் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனான். மறுவாரமே தனேஷ் பக்கத்து வீட்டு வேலாயுதத்தைப் பிடித்தான். வேலாயுதம் கையில் கோணிச்சாக்கைச் சுற்றிக்கொண்டு, பிள்ளையின் தலைக்கு மேல் கம்பை ஓங்குவார். "பிடி!" என்பான் தனேஷ். சாக்கைக் கவ்வினால் கோழி ஈரல். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள். ஓங்குகிறவன் யார் என்று பார்க்க அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை.

நான் மட்டும் என்ன, என்று நினைத்தாள் சீதாலெட்சுமி. அவர் நாயைப் பழக்கினார், நான் பிள்ளையைப் பழக்கினேன். சத்தம் போடாதே, அப்பா வேலை முடிந்து வந்திருக்கிறார், வாயைப் பொத்திக்கொண்டு அழு. ஈரல்கூடக் கொடுக்காமல் பழக்கினேன்.

தனேஷ் இரும்புக் குழாயோடு வந்தான். மகளை முடியைப் பிடித்து இழுத்து ஒதுக்கினான். முதல் வீச்சு கோப்பியின் பின்னங்காலில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் சமையலறை வரை கேட்டது. இரண்டாவது விலாவில். நாய் அவனைத் திருப்பிக் கடிக்கவில்லை. கத்திக்கொண்டே மூன்று காலில் வாசலுக்கு ஓடி, காரின் அடியில் புகுந்துகொண்டது. அவன் குப்புறப் படுத்துக் குழாயை உள்ளே விட்டுக் குத்தினான். எட்டவில்லை. காரின் அடியிலிருந்து ரத்தம் கோடாக ஓடிச் சாக்கடைப் பக்கம் வளைந்தது.

சத்தம் கேட்டு வேலாயுதம் வெளிக்கதவருகே வந்தார். தனேஷின் கையைப் பார்த்தார், காரைப் பார்த்தார்.

"நம்ம டிரெய்னிங் பாஸ் லா, தனேஷ்!"

"சிரிக்காதண்ணே. வெறி புடிச்சிருக்கு அதுக்கு."

"வெறியா? சாக்கு இல்லாம கைய நீட்டுனா அது என்ன பண்ணும்? புள்ளைய அடிச்சியா?"

"என் புள்ள, நான் அடிப்பேன். உனக்கென்ன?"

"எனக்கொண்ணுமில்லப்பா. நாய்க்குத்தான் ஏதோ இருக்கு போல."

தனேஷ் எழுந்து சட்டையில் அப்பியிருந்த மண்ணைத் தட்டினான். துண்டிலிருந்து ரத்தம் முழங்கைக்கு வழிந்தது. வாசற்படியில் நின்ற மனைவியைப் பார்த்தான்.

"சீதா, கூப்பிடு அத."

தினமும் சோறு வைப்பவள் அவள். அவள் குரல் எங்கே கேட்டாலும் கோப்பி வரும். என்ன வார்த்தை என்று பார்க்காது, குரல் போதும். போன மாதம் இடி இடித்தபோது கட்டிலுக்கடியில் பதுங்கி, ஈரலுக்கும் வராத நாய், அவள் போனில் யாரிடமோ பேசிய சத்தத்துக்கு வந்தது.

காரின் அடியில் மூக்கு தெரிந்தது. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. காதுகள் நிமிர்ந்திருந்தன.

"கூப்பிடுறியா, இல்லியா?" குழாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "இன்னிக்கு என்னைய கடிச்சிருக்கு, நாளைக்கு புள்ளைய கடிக்கும். அப்ப அழுவியா? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். ஒரு தடவ கூப்பிட்டா போதும்."

அனுப்பிரியா பின்னால் வந்து அம்மாவின் கைலியைப் பிடித்துக்கொண்டாள். முடி பிடுங்கப்பட்ட இடத்தில் ரத்தப் பொட்டுகள். பிள்ளை சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள், பழக்கியபடியே. அந்த அழுகையின் நடுக்கம் துணி வழியாகத் தொடைக்கு ஏறியது.

மாட்டேன் என்று சொல்ல வேண்டும். பதினோரு வருஷமாய்ச் சொல்லாத வார்த்தை, தொண்டை வரை வந்து நின்றது. ஆனால் வாயைத் திறந்தால், அந்தக் குரலைக் கேட்டே கோப்பி காரின் அடியிலிருந்து வெளியே வந்துவிடும்.

தனேஷ் ஒரு படி ஏறி வந்தான். குழாய் நுனி அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது.

சீதாலெட்சுமி உதடுகளை இறுக மூடிக்கொண்டாள். அவன் கண்ணைப் பார்த்து, ஒரு முறை, மெதுவாகத் தலையை ஆட்டினாள். இல்லை என்று.