ஒரு நாளைக்கு மீட்ட சட்டம்

அந்த ஊர்ல படிப்பை அடகு வைக்கலாம். நகைக்கு என்ன நடைமுறையோ அதேதான் இதுக்கும். கூட்டுறவு வங்கியில மதிப்பீட்டாளர் முன்னாடி போய் உக்காந்தா, நெத்தியைச் சுண்டிப் பார்ப்பார், நாலு கேள்வி கேட்டு வர்ற பதிலை உரைகல்லுல உரசுவார், அப்புறம் எடை போடுவார். மனப்பாடம் பண்ணதெல்லாம் நகையில பதிச்ச கல்லு மாதிரி. அதைக் கழிச்சுட்டு மிச்சத்துக்குத்தான் காசு. வச்ச நிமிஷத்துல இருந்து அந்தப் படிப்பு லாக்கர்ல இருக்கும், தலையில இருக்காது. பூகோளத்தை வச்சுட்டு வீட்டுக்கு வழி தெரியாம நிக்கிறவங்களை வாட்ச்மேனே கூட்டிட்டுப் போய் பஸ் ஏத்தி விட்டுடுவார்.

மங்கையர்க்கரசி ஜவுளிக்கடையில இருபது வருஷமா பில் போட்டுக்கிட்டிருந்தவ. அவ படிச்ச வேதியியல், அதைப் படிக்க வாங்கின கடனுக்கே அடகுல போயிருந்துச்சு. கடையில சேலை எடுத்துப் போடுற பொண்ணுங்க காலையில இருந்து ராத்திரி வரைக்கும் நின்னே சாவாங்க. ஒரு நாள் இவ முதலாளிகிட்ட போய், "இதுங்களுக்கு ஆளுக்கொரு ஸ்டூல் போடுங்க"ன்னு கேட்டா. அவர் கண்ணாடியைக் கழட்டிட்டு, "என்ன, சட்டம் பேசுறியா?"ன்னார். பேசணும்னா முதல்ல படிக்கணுமேன்னு, அன்னைக்கே சட்டக் கல்லூரிக்கு அப்ளிகேஷன் வாங்கிட்டா. அப்ப வயசு நாப்பத்தி நாலு.

"பையனுக்கு ஃபீஸ் கட்டுற வயசுல நீங்க பையை மாட்டிக்கிட்டுப் போறீங்களே அண்ணி, ஊர் சிரிக்காதா?"ன்னு நாத்தனார் கேட்டா.

"சிரிக்கட்டும். யார் யார் சிரிக்கிறாங்கன்னு மட்டும் பார்த்து வை. அவதூறு கேஸ் போடுறப்ப சாட்சிக்கு நீதான்."

இவளை மாதிரி ஒருத்தி வகுப்புல இருந்தா வாத்தியாருக்கு ரத்தக்கொதிப்பு வரும். வரட்டும், நல்லதுதான்.

ஃபீஸுக்கு வழி இதுதான்: ஒரு செமஸ்டர்ல படிச்சதை அடகு வச்சு அடுத்த செமஸ்டருக்குக் கட்டுவா. பரீட்சை அன்னைக்கு மட்டும், கல்யாண வீட்டுக்கு நகையை மீட்டுப் போட்டுக்கிட்டுப் போற மாதிரி, காலையில அந்தச் சட்டத்தைப் போட்டுக்கிட்டுப் போவா, சாயங்காலம் கழட்டிக் குடுத்துடுவா. மத்த புள்ளைங்க பரீட்சை முடிஞ்சதும் சும்மா மறந்ததை, இவ ரசீதோட மறந்தா.

கடைசியா மாதிரி நீதிமன்றத் தேர்வு வந்துச்சு. அதுல வாதாடணும்னா மூணு வருஷத்துச் சட்டமும் ஒரே நாள்ல தலையில இருக்கணும். இதுல தோத்தா வக்கீல் கோட்டும் இல்ல, ஸ்டூலும் இல்ல.

"எல்லாத்தையும் எடுக்கணும்னா அதே எடைக்கு வேற ஏதாவது வைக்கணும் மேடம்"ன்னார் மதிப்பீட்டாளர் குழந்தைசாமி.

"வீட்டுல பித்தளை அண்டா இருக்கு. தூக்கிட்டு வரவா?"

"அது விதியில இல்லீங்க."

"விதியில இல்லியா? மூணு வருஷத்துல ஒரு நாள் வட்டி தவறியிருக்கேனா? கல்யாணத்துக்கு ஒட்டியாணம் கேட்டா வாசல் வரைக்கும் வந்து குடுப்பீங்க, பரீட்சைக்குச் சட்டம் கேட்டா விதி பேசுவீங்களா? யார்யா எழுதினது உங்க விதியை? கூப்பிடு அந்த ஆளை!"

குழந்தைசாமி உரைகல்லை மெதுவா அவ பக்கம் தள்ளினார். "கடைசியா சொன்னதை இதுகிட்ட ஒரு தடவை சொல்லுங்க."

சொன்னா. கல்லுல மஞ்சளா ஒரு கோடு விழுந்துச்சு.

"சொக்கத் தங்கம் மேடம். ஒரு கல்லு கூட இல்ல. கோபத்தை வச்சுட்டுப் போங்க."

கோபம் லாக்கருக்குள்ள போச்சு. மங்கை, "ரொம்ப நன்றிங்க, அஞ்சு மணிக்குள்ள வந்துடுறேன்"னு சொல்லிட்டு, மொத்தச் சட்டத்தோட கிளம்பினா.

எதிர்த்தரப்புல வாதாடின பொண்ணு மங்கையோட கத்தலுக்குப் பதில் தயார் பண்ணி வச்சிருந்தா. கத்தல் வரல. ஒவ்வொரு பிரிவையும் மடிப்புக் கலையாம எடுத்து, முந்தானையை விரிச்சுக் காட்டுற மாதிரி மங்கை காட்டினா. நீதிபதியா உக்காந்திருந்த பேராசிரியர் எழுந்து நின்னு மார்க் போட்டார்.

அஞ்சு மணிக்கு வங்கிக்கு வந்தா, லாக்கர்ல கோபம் இல்ல. மேனேஜர் திலகவதியம்மா அதைப் போட்டுக்கிட்டிருந்தாங்க. அடகுக்கு வந்த நகையை அடகுக்கடைக்காரர் வீட்டம்மா விசேஷத்துக்குப் போட்டுக்கிட்டுப் போறது நடக்குறதுதானே.

"சும்மா கழுத்துல வச்சுப் பார்த்தேன் மங்கை. எனக்கு அளவா இருந்துச்சு"ன்னாங்க.

அதைப் போட்டுக்கிட்டு அவங்க தலைமை அலுவலகத்துக்கு ஒரு போன் பேசியிருக்காங்க. மதியத்துக்குள்ள அந்தக் கிளையில படிப்புக் கடன் வாங்கின அத்தனை பேருக்கும் அபராத வட்டி ரத்து. சேதி பரவி, வாசல்ல வரிசை நின்னுச்சு. வாடகை வீட்டுல ஒழுகுற கூரையோட ஒருத்தர், மாப்பிள்ளை வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டிய கல்யாணப் பொண்ணு, சம்பளம் வராத சத்துணவு ஆயா. எல்லாருக்கும் மங்கையோட கோபம் ஒரு நாளைக்கு வேணுமாம். கோபத்துக்கு வர்ற வாடகையை மங்கையோட கடன்ல கழிச்சுக்கலாம்னு திலகவதியம்மா சொன்னாங்க. கோபம் கையில இல்லாததால மங்கைக்கு அது நியாயமாப் பட்டுச்சு. சட்டத்தை மட்டும் லாக்கர்ல திருப்பிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போனா.

ஆடி முடியுறதுக்குள்ள கடன் தீந்துச்சு. சட்டம் மொத்தமும் வீடு வந்து சேர்ந்துச்சு. கோபத்தை மட்டும் வங்கி விடல, சண்டை போட்டுக் கேக்க மங்கைகிட்ட கோபம் இல்லியே. பார் கவுன்சில்ல பதிஞ்ச கையோட கடைக்கு நோட்டீஸ் அனுப்பினா. அதே நாள் பொண்ணுங்க பதினோரு பேரும் கூட்டுச் சேர்ந்து கோபத்தை வாடகைக்கு எடுத்துட்டுப் போனாங்க. மறுநாள் ஒவ்வொரு கவுண்டர் பின்னாடியும் ஒரு ஸ்டூல் இருந்துச்சு, மெத்தை வச்சது.

கோர்ட்டுக்கு எதிர்ல ஒரு ரூம் பிடிச்சு மங்கை போர்டு மாட்டினா. முதல் கட்சிக்காரரா அவளோட கோபமே வந்துச்சு. செருப்பை வெளியில விட்டுட்டு வந்து நாற்காலியில உக்காந்துச்சு.

"தினம் மூணு வீட்டுக்கு அனுப்புறாங்க. ஞாயித்துக்கிழமை கூட லீவு இல்ல. வங்கி மேல கேஸ் போடணும்."

மங்கை வக்காலத்துத் தாளை எடுத்தா. பேர் எழுதினா. "வயசு?"

"உன்னைவிட ரெண்டு வயசு மூப்பு."

"அப்ப அக்கான்னே கூப்பிடுறேன்"னு மங்கை மின்விசிறியை அந்தப் பக்கம் திருப்பி வச்சா. "டீ சொல்லட்டுமா அக்கா?"