குழாயில் கட்டிய சிவப்புத் துணி

அந்தச் சின்ன நகராட்சிக்கு ஒரே ஒரு தண்ணீர் லாரி. சுற்றிலும் வயல், தெருவுக்குத் தெரு வாய்க்கால். காலையில் பள்ளிக்கூடத்துக்குக் குடிநீர் கொண்டுபோகும் அதே டேங்கில்தான், களை மண்டும் மாதங்களில் மாலையில் களைக்கொல்லி கலந்து வாய்க்காலுக்கு அடிப்பார்கள். இன்னொரு லாரி இதோ வருகிறது, அதோ வருகிறது என்று தலைவர் தேர்தலுக்குத் தேர்தல் சொல்லிவந்தார். மருந்து ஏற்றினால் குழாயில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். டேங்கைக் கழுவிய பிறகே அவிழ்க்க வேண்டும். ஊருக்கு இருந்த காவல் அவ்வளவுதான்.

காலை டிரைவர் அவளுடைய கணவன், மாலை டிரைவர் அவளுடைய அண்ணன். லாரி நிற்பது அவள் வீட்டு வாசலில்.

அவள் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்தான்.

"மச்சான் டேங்கைக் கழுவிட்டுத்தானே கிளம்புனாரு? நேத்து முடியல, அப்படியே விட்டுட்டேன். துணி கட்டித்தான் வச்சேன்."

"நீ எந்த வேலையத்தான் முழுசா முடிச்சிருக்க," என்று சிரித்துக்கொண்டே வாளிக்குள் கைவிட்டவள், கையில் வந்த சிவப்புத் துணியைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

விடியற்காலையில் அதை அவிழ்த்தது அவள்தான். எண்ணெய்ப் பிசுக்கேறிக் கிடந்தது; கணவன் எழுவதற்குள் அலசிக் கட்டிவிடலாம் என்று சோப்பில் ஊறப்போட்டாள். அப்புறம் அடுப்பு வேலையில் மறந்தே போனாள்.

கணவனுக்குப் போன் போட்டாள். அது அலமாரியிலேயே அடித்தது. பள்ளிக்கூடத்தில் யாரும் எடுக்கவில்லை.

"வண்டிய எடுண்ணே."

வழியெல்லாம் வாய்க்கால் கரைப் புல் கருகிக் கிடந்தது. நேற்று மாலைதான் மருந்து அடித்திருந்தார்கள். மகள் படிப்பதும் அந்தப் பள்ளியில்தான்.

லாரி உள்ளே நின்றது. கணவன் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான். பள்ளியின் குடிநீர்த் தொட்டியடியில் தரை ஈரமாக இருந்தது. அண்ணன் பாய்ந்துபோய்த் தொட்டியின் அடைப்பைப் பிடுங்கினான். கணவன் அவள் கையிலிருந்த ஈரத் துணியைப் பார்த்தான், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அவள் சொன்னதைக் கேட்டதும் தலைமை ஆசிரியை ஆஸ்பத்திரி வண்டிக்குச் சொல்லிவிட்டு வகுப்புக்குள் வந்தார். "யாரெல்லாம் இந்தத் தண்ணி குடிச்சீங்க? கை தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. அப்படிக் கேட்டால் அடுத்து அடி விழும் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும்.

அவள் முன்னால் போய் மண்டி போட்டாள். "தப்பு பண்ணது நான்தான் கண்ணுங்களா. உங்கள யாரும் அடிக்க மாட்டாங்க. குடிச்சவங்க சொல்லிடுங்க."

பின்வரிசையில் ஒரு கை எழுந்தது. அதைப் பார்த்து இன்னொன்று. பிறகு பெஞ்சு பெஞ்சாக எழுந்தன.

மகள் மட்டும் கை தூக்கவில்லை. பெற்றவளுக்கு உயிர் ஒரு கணம் திரும்பி வந்தது. பிறகுதான் மகளின் சட்டைக் கழுத்து நனைந்திருப்பதைக் கண்டாள்.

"நீ குடிச்சியாடி?"

"அப்பா கொண்டுவந்த தண்ணிம்மா," என்றாள் மகள், அழுகையை அடக்கிக்கொண்டு. "எல்லாருக்கும் முன்னாடி நான்தான் குடிப்பேன்னு சண்டை போட்டேன்."