ஐந்து வாட்

கம்பியில் என் ஈரச்சேலை தொங்குகிறது, தண்ணீர்த்தொட்டிக்கும் மாடிப்படிக் கூரைக்கும் நடுவே நான் இழுத்துக் கட்டிய ஏரியல் கம்பியில், கொடிக்கயிறு அந்தப் பக்கம் சும்மா கிடக்க, எத்தனை தடவை சொல்லியாயிற்று, கம்பின்னா கம்பிதானே, துணி காயாதா என்கிறார் என் வீட்டுக்காரர் தவசிமுத்து, நான் சேலையை உருவித் தரையில் எறிந்துவிட்டு மறுபடி மைக்கைப் பிடிக்கிறேன், தூத்துக்குடி வெயிலில் காலையிலிருந்து கத்திக் கத்தித் தொண்டை வறண்டுவிட்டது, எத்தனை நாட்டுக்காரர்களோடு ரேடியோவில் பேசமுடிகிறது என்பதுதான் போட்டி, நான் இருப்பது குறைந்த சக்திப் பிரிவில், ஐந்தே வாட், சாமி படத்துக்கு முன்னால் எரியும் பல்புகூட இதைவிட அதிகம் தின்னும், மொரீஷியஸ்காரர் ஒருவர் பக்கத்து வீட்டில் பேசுவதுபோல் என் காதில் விழுகிறார், என் குரல்தான் அவருக்கு விழவில்லை, என் அழைப்புக்குறியை, லைசென்ஸோடு எனக்குக் கொடுத்த எழுத்துகளை, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், அவர் எவனோ இத்தாலிக்காரனுக்குப் பதில் சொல்கிறார், சனியன், கேட்காமல் போவது எனக்கென்ன புதிதா, பெண்பார்க்க வந்த அன்று நான் மேலே படிக்கணும் என்றேன், அப்பா சிரித்துக்கொண்டே, அவ என்ன சொல்லுதான்னா, எல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் பாத்துக்கிடலாம்னு சொல்லுதா என்றார், அப்புறம் இவர், டாக்டர் என் வயிற்றுவலியைப் பற்றி என்னிடம்தான் கேட்கிறார், அவ என்ன சொல்ல வாறான்னா என்று இவர் ஆரம்பிக்கிறார், இவர் வாயில் அது வேறு யாருடைய வலியோ ஆகிவிடுகிறது, ஐயோ, நான் என்ன வாயில்லாதவளா, அதற்காகத்தானே ரேடியோ லைசென்ஸ் பரீட்சை எழுதினேன், நடுவில் ஒருத்தரும் நிற்காமல், கடலுக்கு அந்தப்புறம் ஒரு ஆள், நீ சொன்னது கேட்டது என்று என்னிடம் சொல்லவேண்டும், வேறென்ன கேட்டேன்.

வெயில் சாய்கிறது, சூரியன் போனால் இந்த அலைவரிசையும் செத்துவிடும், கடைசியாக ஒருமுறை கூப்பிடுகிறேன், மொரீஷியஸ் நிற்கிறது, யார் குரலோ மெல்லக் கேட்கிறது, முதல் மூன்று எழுத்து கிடைத்தது, மற்றவர்கள் சும்மா இருங்கள் என்கிறது, என் எழுத்துகள், என்னுடையவை, மீதியைச் சொல்ல வாயைத் திறக்கிறேன், அதற்குள் இடி இடித்ததுபோல் செல்வின் அண்ணாச்சி, அடுத்த தெருவில் பெரிய ரேடியோப் பெட்டியும் ஏரியல் கோபுரமும் வைத்திருப்பவர், குறுக்கே வந்து, அந்தப் பெண் சொல்வது இதுதான் என்று என் அழைப்புக்குறி முழுவதையும் ஒப்பித்துவிட்டார், மொரீஷியஸ் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டது, உடனே போன், பாத்தியா தங்கச்சி, எப்படி வாங்கிக் குடுத்தேன், அண்ணாச்சி, அடுத்தவர் எடுத்துக்குடுத்தா செல்லாதுன்னு உங்களுக்குத் தெரியாதா, யாருக்கும்மா தெரியப்போவுது, கணக்குல சேத்துக்க, எனக்குத் தெரியும்லா என்று போனை வைத்தேன், கணக்கில் சேர்க்கவில்லை, மறுபடி மறுபடி மொரீஷியஸைக் கூப்பிட்டேன், இரைச்சல்தான் வந்தது, பிறகு அதுவும் மெலிந்தது.

படியில் வாளிச் சத்தம், நான் எறிந்த சேலையை அலசிப் பிழிந்துகொண்டு இவர் வருகிறார், போட்டிதான் முடிஞ்சுட்டுல்லா, இனி இதுல போடலாம்ல, சேலை கம்பிக்கு மேலே போகிறது, வேண்டாம் என்று கத்துகிறேன், அப்படி ஒரு சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது, அடுத்த மாடியில் வடகம் அள்ளிக்கொண்டிருந்த பொன்னுத்தாய் அக்கா நிமிர்ந்து, என்ன தம்பி, என்ன சொல்லுதா அவ என்று இவரைக் கேட்கிறாள், இவர் வாயைத் திறக்கிறார், என்னைப் பார்க்கிறார், மூடிக்கொள்கிறார், கம்பில துணி போடக்கூடாதுன்னு சொன்னேன்க்கா, நாந்தான் சொன்னேன், அக்கா ஒரு கணம் என்னையே பார்க்கிறாள், கேட்டுதும்மா, நல்லாக் கேட்டுது என்கிறாள், இவர் கையிலிருந்து சேலை சொட்டிக்கொண்டிருக்கிறது, கம்பியில் ஒன்றும் இல்லை.